சூடேறினால் நின்றுவிடும் 1984 புல்லட் 350: பாயிண்ட் மாற்றியும் தீரவில்லை

வணக்கம். என்னிடம் இருப்பது 1984 மாடல் புல்லட் 350, 6 வோல்ட், பாயிண்ட் இக்னிஷன் (இரு உலோக முனைகள் திறந்து மூடி, மின்சாரத்தைத் துண்டித்துப் பிளக்கில் பொறி வரவைக்கும் முறை; அந்த முனைகள்தான் பாயிண்ட்). ஊர் திண்டுக்கல். குளிர்ந்த நிலையில் ஒரே உதையில் கிளம்புகிறது. சுமார் 15 கிலோமீட்டர் ஓடி இன்ஜின் சூடேறியதும் திணறி, சைலன்சரில் வெடித்து, நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடுகிறது. சித்திரையிலிருந்து இதே தொல்லை.

பாயிண்ட் செட், கண்டென்சர் (பாயிண்ட் திறக்கும்போது அதன் முகங்கள் பொறியில் கருகாமல் காக்கும் மின்தேக்கி), காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்), பிளக், பிளக் வயர் எல்லாம் புதிது. பாயிண்ட் இடைவெளி 0.35 மி.மீ.; டைமிங் (பொறி அடிக்கும் தருணம்), பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்பாக. டேங்க் மூடியைத் திறந்துவைத்தும் ஓட்டிப் பார்த்தேன், பெட்ரோல் தடையில்லாமல் வருகிறது. நின்றவுடன் பிளக்கைக் கழற்றிச் சோதித்தால் பொறி மஞ்சளாக, மெலிந்து வருகிறது. ஆறியபின் நீலமாகப் படீரென்று அடிக்கிறது. அதனால் கார்புரேட்டர் மீது எனக்குச் சந்தேகமில்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. புதுப் பாயிண்டின் ஒரு முகத்தில் அதற்குள் சின்ன மேடு, எதிர்முகத்தில் அதற்கு ஈடாக ஒரு குழி. கண்டென்சர் அளவு பொருந்தாவிட்டால் இப்படி உலோகம் இடம் மாறும். வேறு கடையில் வாங்கிய கண்டென்சரிலும் இதேதான். அது இருக்கும் இடமோ இன்ஜின் சூடு நேராகத் தாக்கும் இடம். அப்பா ஓட்டிய வண்டி, ஓரங்கட்ட மனமில்லை.

கண்டென்சரைச் சூடு படாத இடத்தில், காயிலுக்குப் பக்கத்தில் பொருத்தி ஓட்டுபவர்கள் எத்தனை மைக்ரோஃபாரட் (மின்தேக்கும் அளவு) கண்டென்சர் போட்டிருக்கிறீர்கள்?