நீல் யங்கின் 1973 மேடைப் பதிவு

கொக்குவில் வாசகர்: வணக்கம். கனேடிய ராக் பாடகர் நீல் யங்கின் ‘ஹார்வெஸ்ட்’ இசைத்தட்டை மட்டுமே அறிந்திருந்த நான், அதற்கு அடுத்த ஆண்டில் வெளிவந்த ‘டைம் ஃபேட்ஸ் அவே’ என்னும் மேடைப் பதிவை அண்மையில் கேட்டபோது, இத்தனை கரடுமுரடாகப் பாடுபவர் அதே கலைஞர்தானா என்று வியந்தேன். இதைப் பற்றி எவரும் பேசாதிருப்பது ஏன்?

நல்லூர் அன்பர்: அது நெடுங்காலம் கிடைக்கவேயில்லை, இறுவட்டாக வந்தது 2017 இல்தான். தமது தட்டுகளில் மிக மோசமானது இதுவென்று யங்கே கூறியிருக்கிறார். அம்மதிப்பீட்டை நான் ஏற்கவில்லை.

பருத்தித்துறை இரசிகர்: சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஐயா. இசைப்பயண ஒத்திகையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட நண்பர், கிற்றார் கலைஞர் டனி விட்டன், 1972 நவம்பரில் இறந்துவிட, அந்தத் துயரத்தோடும் பழுதுபட்ட தொண்டையோடும், ‘ஹார்வெஸ்ட்’டின் மென்மையை எதிர்பார்த்து வந்த கூட்டத்தின் முன் யங் பாடினார். தட்டிலுள்ள எட்டுப் பாடல்களும் அதற்குமுன் வெளிவராதவை. மேடைப் பதிவென்றால் பழைய வெற்றிப் பாடல்களின் தொகுப்பு என்றிருந்த காலத்தில் இது பெருந்துணிவு!

கொக்குவில் வாசகர்: மிக்க நன்றி. எந்தப் பாடலை முதலில் கவனித்துக் கேட்கலாம்?

பருத்தித்துறை இரசிகர்: ‘டோன்ட் பி டினைட்’. தந்தை பிரிந்து சென்றதையும் கனடாவின் வின்னிபெக் நகரப் பள்ளியில் அடிவாங்கியதையும் அதில் ஒளிக்காமல் பாடுகிறார்.