'அரைச்சூழ் நாடு' பொருந்துமா? – காம்பியாவை முன்வைத்து

> காம்பியா கட்டுரையில் 'என்கிளேவ்' (முழுதும் வேறொரு நாட்டால் சூழப்பட்ட நாடு) என்பதற்குச் 'சூழ்நாடு' என்றும், 'செமி-என்கிளேவ்' (கடற்கரை தவிர மற்றப் பக்கமெல்லாம் வேறொரு நாட்டால் சூழப்பட்ட நாடு) என்பதற்கு 'அரைச்சூழ் நாடு' என்றும் எழுதியிருக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

வணக்கம் நண்பரே,

இரண்டையுமே மாற்றலாம் என்பது என் கருத்து.

'சூழ்நாடு' வினைத்தொகை. படித்ததும் 'சூழ்கிற நாடு' என்றுதான் தோன்றுகிறது. அப்படியானால் அந்தப் பெயர் காம்பியாவை விட்டு, அதைச் சூழ்ந்திருக்கும் செனகலுக்குப் போய்விடும். சூழ்வது எது என்பதை முன்னால் வைத்தால் குழப்பமில்லை. 'நிலஞ்சூழ் நாடு' அப்படி அமைந்து நிலைத்துவிட்ட சொல். அதே வழியில் 'அயல்சூழ் நாடு' என்கிறேன். லெசோத்தோ, சான் மரீனோ இரண்டுக்கும் இது அப்படியே பொருந்தும்.

அடுத்தது 'அரை'. காம்பியாவின் கடற்கரை சுமார் 80 கி.மீ.தான். நில எல்லையோ ஏறக்குறைய 750 கி.மீ., அத்தனையும் செனகலோடு. இதில் பாதி எங்கே இருக்கிறது? காம்பியா ஆற்றின் இரு கரையையும் ஒட்டி உள்நாட்டுக்குள் நீளும் ஒரு பட்டை அந்த நாடு. பெரும்பாலான இடங்களில் அகலம் 50 கி.மீ.கூட வராது. 1889-இல் பிரிட்டனும் பிரான்சும் பேசி முடித்த கோடு அது.

> கடல் இருக்கிறதே, தலைநகர் பாஞ்சுலில் துறைமுகமும் இருக்கிறது. 'அயல்சூழ்' என்பது மிகையாகாதா?

ஆகாது. அந்தத் துறைமுகத்தின் பிழைப்பே அயலை நம்பித்தான். அங்கே இறங்கும் அரிசி, சர்க்கரை, துணி எல்லாம் உள்ளூர்த் தேவைக்கு மட்டும் வருவதல்ல; கணிசமான பங்கு எல்லை தாண்டிச் செனகல், மாலி, கினி சந்தைகளுக்குப் போகும். நிலக்கடலைக்கு அடுத்து அந்த நாட்டுப் பொருளாதாரத்தில் நெடுங்காலமாக நிற்பது இந்த மறுஏற்றுமதிதான். எல்லை மூடினால் வரவும் நின்றுவிடும். 2016-இல் காம்பியா லாரிகளுக்கான கடவுக் கட்டணத்தை ஒரேயடியாக உயர்த்தியபோது, செனகல் லாரிக்காரர்கள் எல்லையை மாதக்கணக்கில் அடைத்துவிட்டார்கள்.

செனகலுக்கும் இதே நெருக்கடிதான். தலைநகர் டக்காரிலிருந்து அந்த நாட்டின் தென்பகுதியான காசமான்சுக்குப் போகும் லாரி, காம்பியாவின் ஃபராஃபென்னி அருகே படகுக்காக ஆற்றோரம் வரிசையில் காத்துக் கிடக்கும். இல்லையென்றால் கிழக்கே தம்பாகூண்டா வழியாகக் காம்பியாவையே சுற்றிவர வேண்டும். 2019 ஜனவரியில் பாலம் திறந்த பிறகே அந்தத் துயரம் தணிந்தது.

ஆட்சியிலும் இதைப் பார்க்கலாம். 1981-இல் காம்பிய அதிபர் ஜவாராவின் அரசைச் சிலர் கவிழ்க்க முயன்றபோது செனகல் படை வந்து மீட்டது. அதன் தொடர்ச்சியாக 1982-இல் செனகாம்பியா கூட்டமைப்பு உருவாகி 1989-இல் கலைந்தது. தேர்தலில் தோற்றும் அதிபர் ஜாமே பதவி விலக மறுத்ததால், 2017 ஜனவரி 19 அன்று வென்றவரான அடாமா பாரோ டக்காரில் உள்ள காம்பியத் தூதரகத்தில் பதவியேற்றார். மேற்காப்பிரிக்கக் கூட்டுப்படை செனகல் எல்லை வழியாகத்தான் உள்ளே நுழைந்தது. இவ்வளவையும் ஒரு வாசகர் படிக்கும்போது 'அரை' என்ற அடை அவருக்குத் தவறான படத்தையே தரும்.

எனவே 'செமி-என்கிளேவ்' என்பதற்குக் 'கரையுடை அயல்சூழ் நாடு' என்று முன்மொழிகிறேன். 'கடல்வாய்' என்றும் யோசித்தேன். 'வாய்' இடப்பொருளும் தருவதால் கடலுக்குள் இருக்கும் நாடு என்று படித்துவிடுவார்கள். மொனாக்கோவுக்கும் புருணைக்கும் 'கரையுடை' தடையின்றிப் பொருந்துகிறது.

இன்னொன்று. கட்டுரையின் கடைசிப் பத்தியில் காசமான்சைப் 'புறநிலம்' (தாய்நாட்டிலிருந்து நிலத்தொடர்பு அறுந்த பகுதி) என்று எழுதியிருக்கிறீர்கள். அது கிழக்குப் பக்கம் செனகலின் மற்றப் பகுதியோடு நிலத்தால் சேர்ந்தே இருக்கிறது. அங்கோலாவிலிருந்து துண்டாகிக் கிடக்கும் கபிண்டாவுக்கே அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள்.