வேலையை விடாமல் பள்ளி முதல்வர் பணிக்குப் படிக்க எது சரி?

வணக்கம். ஊர் தேவகோட்டை. தனியார் சிபிஎஸ்இ பள்ளியில் 11 வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். எம்.எஸ்சி., பி.எட். இருக்கிறது. இன்னும் 2 வருடத்தில் முதல்வர் பணிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

அதற்காக எம்.எட். (கல்வியியல் முதுநிலை) படிக்கலாம் என்றால், சிக்கல் வருகைப்பதிவுதான். அது 2 வருடப் படிப்பு. வருடத்துக்கு 200 வேலை நாள், வாரத்துக்கு 36 மணி நேரம், வகுப்புக்கு 80 சதவீதம், களப்பணிக்கு 90 சதவீதம் வருகை வேண்டும். வேலையில் இருந்துகொண்டு இது நடக்காது. 'பரீட்சைக்கு வந்தால் போதும்' என்கிற இடத்தில் சேர மனமில்லை. ஆசிரியர்களை வழிநடத்தப் போகிறவர் பொய் வருகையில் பட்டம் வாங்கக் கூடாது.

காரைக்குடியில் விசாரித்தேன், முழுநேரம்தான். பள்ளியில் சம்பளமில்லா விடுப்பு கேட்டேன், மறுத்துவிட்டார்கள். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொலைவழியில் இரண்டு இருக்கின்றன: எம்.ஏ. கல்வி (இரண்டாம் வருடம் கல்வி மேலாண்மையைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம்), கல்வி மேலாண்மை நிர்வாக முதுநிலை டிப்ளமோ. டிப்ளமோ ஒரு வருடத்தில் முடியும். ஆனால் எனக்கு முக்கியம் சகஆசிரியர் வகுப்பைக் கவனித்துக் கருத்துச் சொல்லும் பயிற்சியும், பள்ளி வரவு செலவும்.

முதல்வர் தேர்வுக் குழுவில் உட்கார்ந்தவர்கள் சொல்லுங்கள்: எம்.எஸ்சி., பி.எட். கையில் இருப்பவருக்கு இந்த இரண்டில் எதை நீங்கள் மதிப்பீர்கள்?