மதகு யாருடையது? இலங்கையில் பிரதேச சபை, பிரதேச செயலகம், மாகாணம்: உங்கள் அனுபவங்கள்

வடலி:
சென்ற மாரியில் எங்கள் ஒழுங்கை முகப்பிலுள்ள மதகு அடைபட்டு, வெள்ளம் வீடுகளுக்குள் ஏறியது. மதகு ‘சி’ தர வீதியில் இருப்பதால் அது மாகாணத்துக்கு உரியது என்று பிரதேச சபையில் சொன்னார்கள். மண் வருவது ஒழுங்கை வாய்க்காலிலிருந்து, ஆகவே சபைதான் அள்ள வேண்டும் என்று மாகாணத் திணைக்களத்தில் சொன்னார்கள். சட்டப்படி இரண்டும் சரியாகவே இருக்கலாம். ஆனால் அம்மம்மாவைக் கதிரையோடு தூக்கி அயல்வீட்டு விறாந்தையில் இருத்தியபோது, “ஆரிட்டச் சொன்னனீங்கள்?” என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்னும் விடை இல்லை.

மருதநிழல்:
உங்களுக்கு அலுவலகமாவது இரண்டு இருந்தன. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்த பின்னர், 2025 மே தேர்தல் வரை எங்கள் வட்டாரத்துக்கு உறுப்பினரே இருக்கவில்லை. சபையின் செயலாளரான அலுவலர்தான் அதை நடத்தினார். மயானப் பாதையில் விளக்கு எரியாததைச் சொல்ல முன்னாள் உறுப்பினரிடம் போனோம். அவர் படலையைத் திறந்தபடியே, “என்னிடம் இப்போது எந்த அதிகாரமும் இல்லை, தம்பி” என்றார். அன்றிரவு பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில்தான் பெரியப்பாவைக் கொண்டுபோனோம்.

பனங்கூடல்:
வடலி, இரண்டும் சரி என்று நீங்கள் விட்டுக்கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் ஊரிலும் இதே இழுபறி நடந்தது. பிரதேச செயலாளர் இரு தரப்பையும் ஒரே மேசையில் இருத்திய பிறகுதான் வாய்க்கால் வெட்டப்பட்டது. செயலகம் மத்திய அரசின் கை, சபை மக்கள் தெரிவு செய்வது. ஒன்று மற்றதற்குக் கட்டளையிட முடியாது. ஆயினும் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் எல்லாத் திணைக்களங்களும் வந்து அமர்கின்றன. கிராம அலுவலரின் கடிதத்தோடு உங்கள் முறைப்பாட்டை அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பியுங்கள். அதற்கு முன்பு, அந்த மதகு யாருடைய பதிவேட்டில் உள்ளது என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இரு அலுவலகங்களிடமும் எழுத்தில் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகவே அனுப்பிவிடுவார்கள்.

வடலி:
கடிதம் எழுதுகிறேன், அண்ணா. ஆனால் மருதநிழல் சொன்ன குறை மாகாணத்தில் இன்னும் பெரியது. 2019இல் கடைசி மாகாண சபையின் காலமும் முடிந்துவிட்டது. பிரதேச சபையில் இப்போது தவிசாளரின் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம். ‘சி’ தர வீதிக்காக நாங்கள் வாக்களித்த எவரிடம் போய்க் கேட்பது?