வைகை ஆறுஐத் தொகுத்தார்

விக்கிப்பீடியா மீடியாவிக்கி என்ற மென்பொருளில் ஓடுகிறது. அதன் பொத்தான்கள், எச்சரிக்கைகள், அறிவிப்புகள் எல்லாவற்றையும் டிரான்ஸ்லேட்விக்கி தளத்தில் தன்னார்வலர்கள்தான் மொழிபெயர்க்கிறார்கள். நான் அங்கே சேர்ந்த முதல் மாதம் நடந்ததைச் சொல்கிறேன்.

வாசகங்கள் ஒவ்வொன்றாக வரும். பயனர் பெயரோ பக்கத்தின் பெயரோ வரவேண்டிய இடத்தில் $1, $2 என்று இருக்கும். ஒரு பக்கத்தைத் திருத்தியவர் யார் என்று காட்டும் வாசகத்துக்கு நான் "$1, $2ஐத் தொகுத்தார்" என்று எழுதிச் சேமித்துவிட்டேன். பார்க்கச் சரியாகத்தான் இருந்தது. சில நாள் கழித்துத் திரையில் வந்து நின்றது: "வைகை ஆறுஐத் தொகுத்தார்". அடுத்த வரியில் "மரம்ஐ". ஆற்றை, மரத்தை என்று எழுத ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். எந்தப் பெயர் வரும் என்று தெரியாத வெற்றிடத்தில் உருபை ஒட்டியது என் தவறு. மனசு கேட்கவில்லை.

நெடுநாளாக மொழிபெயர்க்கும் ஒருவர்தான் வழி சொன்னார். பெயருக்குப் பின்னால் நமக்குத் தெரிந்த ஒரு சொல்லை நிறுத்தி, உருபை அதன்மேல் ஏற்ற வேண்டும். "$2 என்ற பக்கத்தைத் தொகுத்தார்." அவ்வளவுதான். ஆறு ஆறாகவே இருக்கும், மரம் மரமாகவே இருக்கும்.

பால் விஷயத்தில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. இந்தியில் தொகுப்பவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து நிகழ்கால வினை மாறும். அதற்கென்றே மென்பொருளில் ஒரு வசதி உண்டு. நமக்குத் "தொகுத்தார்" போதும். மரியாதையும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

என்னை அதிகம் படுத்தியவை துண்டு வாசகங்கள். மென்பொருளோடு கூடுதலாகச் சேர்க்கும் ஒரு நீட்சியில் "கடைசியாகத் தொகுத்தது", "ஆல்", "அன்று" என்று மூன்று துண்டுகள், ஆங்கில வரிசையிலேயே ஒட்டும்படி. நம் வினை கடைசியில் வர இடமே இல்லை. அதை எழுதியவரிடம் முழு வாக்கியமாக ஒரே வாசகம் தரும்படி கேட்டேன், மாற்றித் தந்தார். கேளுங்கள், தயங்காதீர்கள். தமிழ் தெரியாதவருக்கு நாம் சொல்லாமல் இது தெரிய வழியில்லை.

அப்புறம் சொல் தேர்வு. ஆங்கில விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் இடத்துக்கு, ஊர்த் தண்ணீர்க் குழாயைக் குறிக்கும் பெயர். அதை அப்படியே "குழாயடி" ஆக்கியிருந்தால் நமக்கு முதலில் சண்டைதான் நினைவுக்கு வரும். தமிழில் அது "ஆலமரத்தடி". ஊர் கூடிப் பேசும் இடம். அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி.

இப்போதெல்லாம் எந்த வாசகத்தைச் சேமிக்கும் முன்பும் வெற்றிடத்தில் ஆறு, மரம், 2004 மூன்றையும் போட்டு வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறேன்.