கோப்பின் பெயர் தெரிந்தது, கோப்பு திறக்கவில்லை: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

வைகைக்கரை:
முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு முதல் நாள் இரவு, வீட்டுக் கணினியில் ஆய்வேட்டின் கடைசித் திருத்தங்களைச் செய்து கிளவுட் கோப்புறையில் (இணையம் வழியே என் எல்லாக் கருவிகளிலும் தெரியும் கோப்புறை) சேமித்தேன். டேப்லெட்டில் பார்த்தபோது கோப்பின் பெயரும் திருத்திய நேரமும் சரியாக இருந்ததால், எல்லாம் வந்துவிட்டது என்று நம்பித் தூங்கப் போனேன். தேர்வு நடந்த அறை கீழ்த்தளத்தில் இருந்தது. அங்கே சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. புறத்தேர்வாளர் மூன்றாம் இயலின் அட்டவணையைக் காட்டச் சொன்னார். பெயரைத் தொட்டேன், திரையின் நடுவில் நீல வட்டம் சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் தம்மிடமிருந்த அச்சுப்படியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அதில் நான் திருத்துவதற்கு முந்தைய, பிழையான எண்கள்தாம் இருந்தன. பட்டம் கிடைத்துவிட்டது. ஆனாலும் அந்த வட்டம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

கரிசல்மண்:
பெயர் தெரிந்தால் கோப்பும் வந்துவிட்டது என்று நீங்கள் எடுத்துக்கொண்டதுதான் பிழை; சேவையைக் குறை சொல்ல முடியாது. எங்களுக்கு நேர்ந்தது வேறு. ஊர்க் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி வசூலித்தபோது, நான் வீடு வீடாகப் போய் டேப்லெட்டில் பதிந்தேன். என் தம்பி அதே கோப்பை வீட்டுக் கணினியில் திறந்து செலவுகளை எழுதிக்கொண்டிருந்தான். தெருவில் இணையம் இல்லாததால் என் பதிவுகள் இரவில்தான் மேலே ஏறின. கோப்பு இரண்டாகப் பிரிந்து, என்னுடையது ‘முரண்பட்ட நகல்’ என்ற பெயரில் தனியே ஒதுங்கிவிட்டது. அதை அறியாமல் கூட்டத்தில் தம்பியின் கோப்பை வாசித்தோம். “நான் கொடுத்த வரி எங்கேப்பா?” என்று ஒரு பெரியவர் எழுந்து நின்று கேட்டார். பதினான்கு வீடுகளின் பெயர் விடுபட்டிருந்தது.

பழைய தட்டச்சர்:
கரிசல்மண் அவர்களே, வைகைக்கரையைப் பிழை சொல்வது நியாயமாகப்படவில்லை. பட்டியலைப் பார்க்கும் எவரும் அப்படித்தான் நம்புவார்கள். எனக்கு நேர்ந்தது சிறியது: பாமினி என்ற, ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்த ஒரு மனு, டேப்லெட்டில் அந்த எழுத்துரு இல்லாததால், வழக்கறிஞர் முன்னிலையில் வெறும் ஆங்கில எழுத்துகளாக விரிந்தது.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். டேப்லெட் பெரும்பாலும் கோப்புகளின் பட்டியலை மட்டுமே வைத்துக்கொள்ளும். உள்ளடக்கம் தொட்ட பிறகுதான் இறங்கும். ஆகவே தேவையான கோப்பை ‘ஆஃப்லைன்’ என்று குறித்துவிட்டு, விமானப் பயன்முறையை இயக்கித் திறந்து பாருங்கள். அப்போது திறந்தால்தான் அது உங்கள் கையில் இருக்கிறது. காட்டுவதற்கு மட்டுமான ஆவணத்தைப் பிடிஎஃப் ஆக்கிவிட்டால், எழுத்துருவும் அதற்குள்ளேயே வந்துவிடும். திருத்த வேண்டியதை ஒருங்குறியில் எழுதுங்கள். சேமித்தவுடன் கணினியை அணைக்காதீர்கள், பதிவேற்றம் முடிந்த குறி தெரியும்வரை காத்திருங்கள். கூகுள் கணக்கின் இலவச 15 ஜிபி இடத்தை மின்னஞ்சலும் படங்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. அது நிறைந்துவிட்டால் புதிய கோப்பு மேலே ஏறாது. முக்கியமாக, கிளவுட் கோப்புறையைக் காப்புநகல் என்று கருதாதீர்கள்: டேப்லெட்டில் அழித்தால் கணினியின் கிளவுட் கோப்புறையிலும் அழியும், கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் கிடக்கும். கோயில் கணக்கு போன்றவற்றுக்குப் பென்டிரைவில் ஒரு படி இருக்கட்டும்.

வைகைக்கரை:
நன்றி ஐயா. நேற்றிரவு விமானப் பயன்முறையில் சோதித்தேன், கோப்பு உடனே திறந்தது. ஆனால் அதில் இருந்தது திங்கட்கிழமை எழுதியது. செவ்வாய்க்கிழமை கணினியில் சேர்த்த இரண்டு பக்கங்களைக் காணவில்லை. ஆஃப்லைன் என்று குறித்த பிறகு டேப்லெட்டை இணையத்தில் இணைக்கவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வைஃபையில் இணைத்துச் சற்று நேரம் விட்டதும் அந்தப் பக்கங்களும் வந்து சேர்ந்தன.