இணைய இணைப்பில்லாத கணினியில் மென்பொருள் நிறுவிய அனுபவங்கள்

எங்கள் சொந்த ஊர் வாசகசாலையில் உள்ள பழைய இதழ்களின் பக்கங்களை ஒளிவருடி உரையாக்குவதற்காக, அங்குள்ள, டெபியன் 12 என்னும் லினக்ஸ் இயங்குதளம் கொண்ட கணினியில், படத்திலுள்ள எழுத்துகளை உரையாக மாற்றும் டெசராக்ட் எழுத்துணரியை நிறுவ முயன்றேன். அக்கட்டடத்தில் இணைய வசதி இல்லை. இயங்குதளத்தை நிறுவப் பயன்படுத்திய டிவிடியும் கிடைக்கவில்லை.

முதல் முறை டெசராக்ட் பொதியையும் (நிறுவலுக்கான கோப்பு) அதன் தமிழ்த் தரவுப் பொதியையும் மட்டும் பென் டிரைவில் கொண்டு சென்றேன். பொதிகளை நிறுவும் டிபிகேஜி கட்டளையை இட்டதும், டெசராக்ட் இயங்கத் தேவையான லெப்டோனிக்கா நிரலகம் இல்லையென்று நிறுவல் பாதியில் நின்றுவிட்டது. அடுத்த வாரம், அதே டெபியன் 12 இயங்கும் என் மடிக்கணினியில் பொதிகளை இணையத்திலிருந்து எடுத்துத் தரும் ஆப்ட் கருவியைக் கொண்டு, டெசராக்ட்டை அது சார்ந்திருக்கும் பொதிகளோடு சேர்த்துப் பதிவிறக்கினேன். என் கணினியில் லெப்டோனிக்கா ஏற்கெனவே இருந்ததால் ஆப்ட் அதைப் பதிவிறக்கவே இல்லை என்பது, வாசகசாலையில் மீண்டும் அதே பிழைச்செய்தியைக் கண்டபோதுதான் எனக்குப் புரிந்தது. என்னென்ன வேண்டும் என்ற கேள்வியை நான் தவறான கணினியிடம் கேட்டிருந்தேன்.

பிறகு ஆப்ட்-ஆஃப்லைன் என்னும் கருவியை நாடினேன். இணையமில்லாத கணினி தனக்கு வேண்டியவற்றை ஒரு சிறு கோப்பில் எழுதித் தரும். இணையமுள்ள கணினி அக்கோப்பைப் படித்து, கேட்டவற்றை மட்டும் பதிவிறக்கிக் கட்டித் தரும். இதற்கும் இரண்டு நடை தேவைப்பட்டது. வாசகசாலைக் கணினியின் மூலப் பட்டியலில் (பொதிகளை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் பட்டியல்) டிவிடியைக் குறிக்கும் வரி மட்டுமே இருந்தமையால், முதலில் டெபியன் களஞ்சியத்தின் முகவரியைச் சேர்த்து, பொதிப் பட்டியலைப் புதுப்பித்த பின்னரே டெசராக்ட்டைக் கேட்க முடிந்தது. நிறுவல் முடிந்து, முதல் பக்கத்தின் தமிழ் எழுத்துகள் திரையில் உரையாக வந்தபோது, அருகிலிருந்த நூலகரின் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சி இன்றும் என் கண்முன் நிற்கிறது.

—

ஐயா, தங்கள் அனுபவத்தைப் படித்ததும் எனக்கு நேர்ந்ததும் நினைவுக்கு வந்தது. ஆய்வகக் கணினி ஒன்றில், பைத்தான் நிரல்மொழியில் எண் கணக்கீடுகளுக்கு உதவும் நம்பை நிரலகத்தை நிறுவ வேண்டியிருந்தது. பாதுகாப்புக் காரணங்களுக்காக அதை எந்த வலையமைப்போடும் இணைப்பதில்லை. என் கணினியில் பைத்தான் 3.11 இருந்தது, அங்கே 3.9. பைத்தான் பொதிகளை எடுத்து நிறுவும் பிப் கருவி பதிவிறக்கிய வீல் கோப்பு (முன்பே தொகுக்கப்பட்ட பொதி) என் பதிப்புக்கு உரியது என்பதால் அங்கு நிறுவ மறுத்தது. பதிவிறக்கும்போதே இலக்குக் கணினியின் பைத்தான் பதிப்பைக் குறிப்பிட்டு, மூலநிரல் வேண்டாம், தொகுக்கப்பட்ட கோப்பே போதும் என்று சொல்ல பிப்பில் வழியிருக்கிறது. அவ்வாறு எடுத்த கோப்புகளை ஒரே கோப்புறையில் வைத்து, இணையத்தைத் தேடாமல் அக்கோப்புறையிலிருந்தே நிறுவுமாறு கட்டளையிட்டதும் வேலை முடிந்தது.